ரியல் எஸ்டேட் வேலைக்கு எந்த முதுகலைப் படிப்பு? ஒரு சிவில் இன்ஜினியரின் கேள்விக்கு விரிவான பதில்

பி.இ. சிவில் முடித்துவிட்டு தாம்பரம் பக்கம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மூன்று வருடமாக சைட் இன்ஜினியராக இருக்கிறீர்கள். ரியல் எஸ்டேட் பக்கம் போக ஆசை. எம்பிஏ ரியல் எஸ்டேட் படிக்கலாமா, சாதாரண எம்பிஏவா, எம்.பிளானா (நகரமைப்பு முதுகலை), எல்.எல்.பி.யா, எதுவானாலும் கல்விக் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புகளின் பெயரைப் போட்டுக் கேட்டிருந்தாலும், மனதில் உள்ள கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: இரண்டு வருடமும் பல லட்சமும் போட்டுப் படித்து வந்தால், நிலம் வாங்குவதையும் விலை வைப்பதையும் முடிவு செய்கிற மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி போடுவார்களா? அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நானும் சிவில்தான். ஒரு பில்டரிடம் நிலம் வாங்கும் பிரிவில் சில வருடங்கள் இருந்துவிட்டு, பிறகு மதிப்பீட்டாளராகப் பதிவு செய்து, சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் வங்கிகளுக்கு அறிக்கை கொடுத்து வருகிறேன். ஆகவே நிலம், பத்திரம், அப்ரூவல், மதிப்பீடு பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். பெரிய முதலீட்டு நிறுவனங்கள் எப்படி ஆள் எடுக்கின்றன என்பது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்த அளவுதான். வெளிநாட்டுப் படிப்பு பற்றி அதைவிடக் குறைவாகவே சொல்ல முடியும்.

ரியல் எஸ்டேட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல தொழில்கள் இருக்கின்றன. நிலம் தேடி உரிமையாளரிடம் பேசி முடிப்பது ஒன்று. லேஅவுட், கட்டட அனுமதி வாங்குவது இன்னொன்று. திட்டத்துக்குப் பணம் புரட்டிக் கணக்குப் பார்ப்பது, மதிப்பீடு செய்வது, விற்பது, அலுவலகக் கட்டடங்களை வாடகைக்கு விட்டு நிர்வகிப்பது எல்லாம் தனித்தனி. இவற்றில் படிப்பைச் சட்டமோ அரசு விதியோ கேட்பது மதிப்பீட்டுக்கும் நகரமைப்புக்கும் மட்டும்தான். நிதிப் பிரிவில் சட்டம் கேட்காது; ஆனால் ஆள் எடுக்கிறவர்கள் கேட்பார்கள். விற்பனைக்கும் புரோக்கர் தொழிலுக்கும் தமிழ்நாட்டில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருந்தால் போதும், பட்டம் எதுவும் வேண்டாம். மகாராஷ்டிராவில்கூட 2023-லிருந்து ஏஜென்டுகளுக்கு ஒரு பயிற்சியும் தேர்வும் வைத்தார்களே தவிர, முதுகலை கேட்கவில்லை. விற்பனையில் சம்பாதிக்கத்தான் ஆசை என்றால் கடன் வாங்கிப் படிக்காதீர்கள். இது உறுதி.

மதிப்பீட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களைப் போன்ற சிவில் ஆட்களுக்குச் சட்டமே திறந்து வைத்திருக்கும் கதவு இது. ஆனால் கல்லூரிகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 247-ஆவது பிரிவின்கீழ் 2017-ல் மதிப்பீட்டாளர் விதிகள் வந்தன. அதன்படி ‘நிலம், கட்டடம்’ வகையில் பதிவு பெற, சிவில், ஆர்க்கிடெக்சர் அல்லது நகரமைப்பில் பட்டமும் ஐந்து வருட அனுபவமும் வேண்டும். அந்தத் துறைகளில் முதுகலையோ, மதிப்பீட்டிலேயே இரண்டு வருட முழுநேர முதுகலையோ இருந்தால், அதை முடித்த பிறகு மூன்று வருட அனுபவம் போதும். பிறகு அங்கீகரிக்கப்பட்ட ஓர் அமைப்பில் 50 மணி நேர வகுப்பு, அதன்பின் ஐபிபிஐ (இந்திய திவால் வாரியம்) நடத்தும் கணினித் தேர்வு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று வருட வேலை இருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் வேலையிலேயே இருந்தாலும் தகுதி வந்துவிடும். இரண்டு வருடம் எம்.இ. படித்து அந்த வழியில் போனால், அதன் பிறகு மூன்று வருட அனுபவம் வேண்டும். முதல் வழியில் சம்பளம் வரும், மற்றதில் செலவும் ஆகும், நேரமும் கூடும். ஆகவே மதிப்பீட்டாளர் ஆவதற்காக மட்டும் முதுகலை தேவையில்லை. மதிப்பீட்டை ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால் குஜராத்தில் வல்லப் வித்யாநகர் சர்தார் படேல் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் பழைய பெயர். வங்கிகள் தங்கள் பேனலில் சேர்க்கத் தனியாக அனுபவ நிபந்தனை வைத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதிவு கிடைத்ததும் தொழில் வந்துவிடாது. உதாரணத்துக்கு, ஒரு தெருவில் மனையின் விலையைக் கண்டுபிடிக்கப் பக்கத்து மனைகளின் கிரயப் பத்திரங்களைப் பார்ப்பது பாடப்புத்தக வழி. இங்கே பல பத்திரங்களில் இருப்பது கைமாறிய விலையல்ல, பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு. அந்த மதிப்பையே 2017 ஜூனில் அரசு 33 சதவீதம் குறைத்தது, 2023-ல் மறுபடி உயர்த்தியது. 2019-ல் பதிவான பத்திரத்தையும் 2024-ல் பதிவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘விலை இவ்வளவு ஏறியிருக்கிறது’ என்று எழுதினால் அறிக்கை தப்பாகிவிடும். தெருவில் இறங்கி, சமீபத்தில் வாங்கியவர், விற்றவர், டீக்கடைக்காரர், இரண்டு மூன்று புரோக்கர்கள் என்று விசாரித்துத்தான் எண்ணுக்கு வர முடியும். இதை எந்தப் படிப்பும் முழுதாகச் சொல்லித் தராது.

அடுத்து எம்.பிளான். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி, டெல்லி, போபால், விஜயவாடா எஸ்பிஏ-க்கள் (திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள்), அகமதாபாத் செப்ட் ஆகியவை நல்ல இடங்கள். சிவில் முடித்தவர்களையும் எடுத்துக்கொள்வார்கள். அரசு நகரமைப்புப் பதவிகளுக்கு இந்தப் பட்டத்தைக் கேட்கிறார்கள். தனியாரில் பெரிய பில்டர்கள், ஆலோசனை நிறுவனங்கள் எடுப்பார்கள். நிலத்தை அடிப்படையிலிருந்து புரிந்துகொள்ள இதைவிட நல்ல படிப்பு இல்லை என்பது என் கருத்து. ஏன் என்றால், ஒரு மனையின் மதிப்பை அதில் எவ்வளவு கட்டலாம் என்பதுதான் தீர்மானிக்கிறது. அதைச் சொல்வது திட்டமிடல் விதி. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25. சாலை அகலம் போதவில்லை என்றால் உயர்மாடிக்குப் போகவே முடியாது. லேஅவுட் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காகக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். இந்த மாதிரி வரிகளை மனதில் வைத்துக்கொண்டு ஒரு நிலத்தைப் பார்க்கிறவருக்கும், வெறுமனே ‘மெயின் ரோட்டுப் பக்கம் சார்’ என்பவருக்கும் கோடிக் கணக்கில் வித்தியாசம் வரும். தமிழ்நாட்டில் 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-ல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தடைக்குப் பிறகுதான் பல லேஅவுட்காரர்கள் நகரமைப்பு படித்தவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எம்.பிளானின் குறை ஒன்றுதான்: பணக் கணக்கை அது ஆழமாகச் சொல்லித் தராது.

பணக் கணக்கு என்றால் என்ன என்று ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. பத்து கிரவுண்ட், அதாவது 24,000 சதுர அடி நிலம். எஃப்எஸ்ஐ 2 என்றால் 48,000 சதுர அடி கட்டலாம். நில உரிமையாளரோடு பாதிக்குப் பாதி ஜாயின்ட் வென்ச்சர். கட்டச் சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்றால் 14.4 கோடி செலவு. பில்டரின் பங்கு 24,000 சதுர அடி, 9,000 ரூபாய்க்கு விற்றால் 21.6 கோடி. வித்தியாசம் 7.2 கோடி. அனுமதிக் கட்டணம், வட்டி, விளம்பரம், அலுவலகச் செலவு என்று 3 கோடி போனால் 4.2 கோடி நிற்கிறது. இப்போது உரிமையாளர் ‘எனக்கு 55 வேண்டும்’ என்கிறார். ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். பில்டரின் பங்கு 21,600 சதுர அடியாகிறது; 2.16 கோடி போய்விட்டது, லாபத்தில் பாதி. அதேபோல, சராசரியாக எட்டு கோடி கடன் நிற்கும்போது வேலை ஒரு வருடம் இழுத்தால் 15 சதவீத வட்டியில் 1.2 கோடி கூடுதல். விற்பனை விலை சதுர அடிக்கு 500 ரூபாய் இறங்கினாலும் அதே 1.2 கோடி. ஆக, ஒரு வருடத் தாமதமும் 500 ரூபாய் விலை இறக்கமும் இந்தத் திட்டத்தில் ஒன்றுதான். இதைப் பேச்சு நடக்கும்போதே மனதில் போடத் தெரிந்த ஆளுக்குத்தான் நீங்கள் கேட்ட நாற்காலி கிடைக்கும். சைட்டில் இருந்த உங்களுக்கு அந்த 3,000 ரூபாய் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது தெரியும். எம்பிஏ மட்டும் படித்து வந்தவருக்கு அது தெரியாது. உங்கள் மூன்று வருடத்தைக் குறைவாக நினைக்காதீர்கள்.

இப்படிக் கணக்குப் போடுகிறவர்களின் தேவை கூடியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2016 ரெரா சட்டம், வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்று தனிக் கணக்கில் போடச் சொல்கிறது. இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் சான்று கொடுத்து, முடிந்த வேலையின் அளவுக்குத்தான் எடுக்க முடியும். முன்பெல்லாம் இந்தத் திட்டத்து வசூலில் அடுத்த நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள். அந்த வழி அடைபட்டதும் வங்கி, நிதி நிறுவனம், ஃபண்டு என்று போக வேண்டி வந்தது. அவர்கள் கேட்கும் மாதிரி பணவரத்துக் கணக்கு காட்ட ஆள் வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் 2019-ல் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் பங்குச் சந்தையில் வந்து நாட்டின் முதல் ரீட் (வாடகைக் கட்டடங்களில் பலர் சேர்ந்து முதலீடு செய்யும் அறக்கட்டளை) ஆனது. அடுத்தடுத்து மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, நெக்சஸ் வந்தன. அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் வாடகை வருமானமாகப் பார்க்கும் இந்த உலகத்துக்குள் நுழைய நல்ல பெயருள்ள கல்லூரியின் எம்பிஏ நிதிப் பாடம்தான் எளிய வழி. ஐஐஎம் அகமதாபாத் மாதிரி இடங்களில் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டும், ஆனால் அந்தப் பெயருக்கு வங்கியும் கடன் கொடுக்கும், வேலை கொடுப்பவரும் கதவைத் திறப்பார். பெயரில்லாத கல்லூரியில் பொது எம்பிஏ எடுத்து ரியல் எஸ்டேட்டுக்கு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எம்பிஏ ரியல் எஸ்டேட்டுக்கு வருகிறேன். நொய்டா அமிட்டியில் உள்ள ஆர்ஐசிஎஸ் ஸ்கூல் ஆஃப் பில்ட் என்விரான்மென்ட், புனேயின் நிக்மார் இரண்டும் இந்தத் துறைக்கென்றே நடப்பவை. ஆர்ஐசிஎஸ் என்பது 1868-ல் லண்டனில் தொடங்கிய சர்வேயர்கள் அமைப்பு. அதன் உறுப்பினர் தகுதிக்கு வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும், ஜேஎல்எல், சிபிஆர்இ, நைட் ஃபிராங்க் மாதிரி சொத்து ஆலோசனை நிறுவனங்களிலும் மதிப்பு உண்டு. அங்கீகரித்த படிப்பு முடித்தவருக்கு அந்த வழி சுலபம். பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது: மதிப்பீடு, நிதி, சட்டம், சந்தை ஆய்வு எல்லாம் ஒரே கூரையில். என் தயக்கம் படிப்பு முடிந்த பிறகு நடப்பதில். நான் சந்தித்தவர்களில் சிவில் படித்துவிட்டு இதற்குப் போன பலரை மறுபடியும் திட்ட மேலாண்மையில், அதாவது அதே சைட்டில் கொஞ்சம் நல்ல சட்டையோடு, உட்கார வைத்திருந்தார்கள். முதலீடு, மதிப்பீடு, பரிவர்த்தனைப் பிரிவுகளுக்குப் போனவர்கள் குறைவு. நான் பார்த்தது சிலரைத்தான், அதை வைத்து எல்லாருக்கும் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது. சராசரிச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ‘போன வருடம் சிவில் பின்னணியில் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் திட்ட மேலாண்மைக்கு வெளியே வேலைக்குப் போனார்கள்?’ என்று கேளுங்கள். கல்லூரி பதில் சொல்லாவிட்டால், லிங்க்ட்இன்னில் அந்தப் பேட்ச் மாணவர்களைத் தேடி நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

சட்டப் படிப்பைப் பற்றி நீங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். நம் ஊர் நிலத்தில் பணம் தொலைவது பெரும்பாலும் பத்திரத்தில்தான். அடிக்கடி வரும் ஒரு கோப்பைச் சொல்கிறேன். 1970-களில் தகப்பனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம். அவர் உயில் எழுதாமல் காலமானார். மூன்று மகன்கள் பாகப்பிரிவினை எழுதிப் பதிவு செய்து, பட்டாவும் மாற்றிக்கொண்டார்கள். வில்லங்கம் போட்டால் சுத்தமாக வரும். வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் இரண்டு மகள்கள். பத்திரத்தில் அவர்கள் கையெழுத்து இல்லை, பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதும் விடுதலைப் பத்திரமும் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு. பூர்வீகச் சொத்து என்றால் தமிழ்நாட்டில் 1989 திருத்தம், நாடு முழுக்க 2005 திருத்தம், அதன்மேல் 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே காட்டும். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அதுவே உரிமையைத் தராது. இதோடு பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, 1978 நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999-ல் நீக்கப்படும் முன்பே அரசு எடுத்துக்கொண்டதா என்றும் பார்க்க வேண்டும். நிலம் வாங்கும் பிரிவில் நான் இருந்தபோது கைவிட்ட நிலங்களில் பெரும்பாலானவற்றை இந்த மாதிரிக் காரணங்களுக்காகத்தான் விட்டோம்.

ஆகவே மூன்று வருட எல்.எல்.பி. நல்ல படிப்பு, அரசுச் சட்டக் கல்லூரியில் செலவும் மிகக் குறைவு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: வழக்கறிஞராகப் பதிவு செய்து தொழில் நடத்துகிறவர் தானே வியாபாரம் செய்யக் கூடாது, முழுநேரச் சம்பள வேலையிலும் இருக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. வக்கீலாகவும் இருந்துகொண்டு மனையும் விற்கலாம் என்ற திட்டம் நடக்காது. பதிவு செய்யாமல், சட்டம் படித்தவராக ஒரு பில்டரின் நிலப் பிரிவில் வேலை செய்யலாம். பத்திரம் படிக்கிற இன்ஜினியர் அபூர்வம். சம்பளம் பேசும்போது அது தெரியும்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. எம்ஐடி, கார்னெல், கொலம்பியா, இங்கிலாந்தில் ரெடிங், சிங்கப்பூரின் என்யூஎஸ் எல்லாம் இந்தப் படிப்பில் பெயர் பெற்றவை. அங்கே கற்கும் நிதிக் கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். சட்டமும் சந்தையும் அந்தந்த ஊருக்கு மட்டும். அங்கேயே வேலை பார்க்கும் எண்ணமும் விசா வழியும் தெளிவாக இருந்தால் யோசியுங்கள். படித்துவிட்டுச் சென்னைக்கே திரும்பி வந்து அந்தக் கடனை இங்கே வாங்கும் சம்பளத்தில் அடைப்பது கடினம்.

உங்கள் நிலைமையில் நான் என்ன செய்வேன் என்று கேட்டால்: முதல் தேர்வு எம்.பிளான், அரசு நிறுவனத்தில். கட்டணம் தனியார் எம்பிஏயோடு ஒப்பிட்டால் சிறிது. படிக்கும்போதே நிதிக் கணக்கைத் தனியாகக் கற்றுக்கொள்ளலாம். எக்செலில் மேலே சொன்ன கணக்கை மாதவாரியாக விரித்துப் பழகினாலே பாதி வந்துவிடும். படிப்பு முடிந்து இன்னும் இரண்டு வருடம் வேலை பார்த்தால், பி.இ. வழியில் மதிப்பீட்டாளர் தகுதிக்கான ஐந்து வருட அனுபவமும் நிறைந்துவிடும். இன்ஜினியர்கள் எழுதும் கேட் (GATE) தேர்வில் மதிப்பெண் மிக நன்றாக வந்தால் ஐஐடி மெட்ராஸ் மாதிரி இடத்தில் கட்டுமான மேலாண்மை எம்.டெக். இரண்டாவது தேர்வு, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அது உங்களைக் கட்டுமானத்தின் பக்கமே நிறுத்தும், நிலத்தின் பக்கம் நீங்களாகத்தான் நகர வேண்டும். எம்பிஏக்கான கேட் (CAT) தேர்வில் 99 பெர்சென்டைல் வருமா, முதல் வரிசை ஐஐஎம் கிடைக்குமா என்பதில் உங்களுக்கே நம்பிக்கை இருந்தால் மட்டும் எம்பிஏ. இரண்டு கேட்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்ஜினியர்கள் எழுதும் கேட் (GATE) தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும். அதுவரை வேலையை விடாதீர்கள். உங்கள் நிறுவனத்தில் நிலப் பிரிவைப் பார்ப்பவரிடம் கேட்டு, இப்போது கட்டிக்கொண்டிருக்கும் அதே சைட்டின் தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, திட்ட அனுமதி ஆகியவற்றின் நகலை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். ரெரா இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பக்கமும் இருக்கும், அதையும் பாருங்கள். இரண்டு மூன்று கோப்பு படித்தபிறகும் ஆர்வம் இருந்தால் எம்.பிளானுக்கு விண்ணப்பியுங்கள். பத்திரம் அலுத்துப்போய் எண்கள் மட்டும் பிடித்திருந்தால் நிதிப் பக்கம் போங்கள். அப்போது எந்தக் கல்லூரிகள் என்று பட்டியலோடு திரும்ப எழுதுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.